மலை கேட்கும் நாள்கள்

"ஒவ்வொரு காலையும் ஹந்தானை ஏறி இறங்கினால் கிளிமஞ்சாரோவுக்குப் போதுமா, சேர்?"

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. விடுதி அறைச் சன்னலைத் திறந்தால் அவருக்கு ஹந்தானைத் தொடர் தெரியும். முதலாம் ஆண்டிலிருந்தே அதில் ஏறுகிறவர். அட்டைக்கடியும் தெரியும், மானாப் புல்லுக்குள் மறைந்துபோகும் பாதையும் தெரியும். ஆபிரிக்காவின் அதியுயர்ந்த மலையில் ஒருநாள் நிற்க வேண்டும் என்ற ஆசையில் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

கால்களுக்கு ஹந்தானை போதும், குருதிக்குப் போதாது என்று பதில் சொன்னேன். அந்தப் பதிலை விரித்துச் சொல்வதே இந்த அத்தியாயம். உயரமலைப் பயணம் ஒன்றைத் திட்டமிடுகிறவர் முதலில் சப்பாத்தையும் கூடாரத்தையும் விலை பேசுகிறார். பார்க்க வேண்டிய முதற்பொருள் நாட்காட்டி. ஏன் என்பதை உடலியல் சொல்லித் தரும்.

நம் ஏணியின் கடைசிப் படி

கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹந்தானையின் உச்சம் ஏறக்குறைய 1,150 மீற்றர். மகாவலிக்கு அப்பால் வடகிழக்கே தெரியும் நக்கிள்ஸ் தொடரில் மிக உயர்ந்த கொம்பனிய சிகரம் 1,906 மீற்றர். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து நடந்து சேரக்கூடிய கிரிகல்பொத்தை சுமார் 2,390 மீற்றர். நாட்டின் உச்சியான பீதுருதாலகாலை 2,524 மீற்றர். அது பாதுகாப்பு வலயம் என்பதால் நினைத்த நேரத்தில் ஏறிவிட முடியாது.

நம் ஏணி இவ்வளவுதான். கிளிமஞ்சாரோவின் கீபோ எரிமலை விளிம்பிலுள்ள ஊகுரு உச்சி 5,895 மீற்றர். பீதுருதாலகாலையின் தலையில் இன்னொரு பீதுருதாலகாலையைத் தூக்கி வைத்தாலும் அந்த உயரத்துக்கு இன்னும் 800 மீற்றருக்கு மேல் வேண்டும். உயரநோய் பொதுவாகத் தலைகாட்டத் தொடங்குவது 2,500 மீற்றரளவில். எனவே இலங்கையின் மலைகள் அனைத்தும் முடிகிற இடத்தில்தான் அந்த மலையின் உண்மையான பரீட்சை ஆரம்பமாகிறது. இந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவருக்குத் தன் உடல் உயரத்தை எப்படித் தாங்கும் என்று அறிந்துகொள்ள வாய்ப்பே கிடைத்திருக்காது.

ஒரு மூச்சின் கணக்கு

மலையுச்சியில் ஒட்சிசன் குறைவு என்று சொல்கிறோம். விகிதத்தில் அது குறைவதில்லை. கண்டி வாவிக்கரையிலும் சரி, கிளிமஞ்சாரோ உச்சியிலும் சரி, வளியில் ஏறத்தாழ 21 வீதம் ஒட்சிசன்தான். குறைவது வளியமுக்கம். நம் தலைக்கு மேலிருக்கும் வளியின் பாரம் கீழுள்ள வளியை நெருக்கிப் பிடித்திருக்கிறது. மேலே போகப் போக அந்தப் பாரம் குறைய, வளி தளர்ந்து விரிகிறது. அதே நெஞ்சு, அதே மூச்சு. உள்ளே வரும் மூலக்கூறுகள் மட்டும் குறைந்துவிடுகின்றன.

உயரத்தில் வரும் நோய்க்குக் காரணம் ஒட்சிசனின் பகுதியமுக்கம் குறைவதே என்று பரிசோதனைகளால் நிறுவியவர் பிரெஞ்சு உடலியலாளர் போல் பேர். அவருடைய பெருநூல் 1878இல் வெளிவந்தது. அவர் வழியில் ஒரு சிறு கணக்குப் போடுவோம். உள்ளிழுக்கும் வளி மூச்சுக்குழாயில் உடல்வெப்பத்துக்குச் சூடாகி நீராவியால் நிறைகிறது. அந்த நீராவி 47 மில்லிமீற்றர் இரச அமுக்கத்தைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். எந்த உயரத்திலும் இந்தக் கழிவு மாறாது. மிச்ச அமுக்கத்தில் 21 வீதமே ஒட்சிசனின் பங்கு.

கண்டியில் அந்தப் பங்கு ஏறக்குறைய 140 மில்லிமீற்றர். சிவனொளிபாதமலை உச்சியில் சுமார் 112. கண்டியுடன் ஒப்பிட்டால் ஐந்தில் நான்கு பங்கு. கிளிமஞ்சாரோ உச்சியில் சுமார் 69 மட்டுமே. கண்டியில் ஒரு மூச்சில் கிடைத்ததைப் பெற அங்கே இரண்டு மூச்சு வேண்டும், அதுவும் செங்குத்துச் சரிவில், குளிரில், நடுஇரவில்.

உடல் தன்னை மாற்றிக்கொள்ளும் விதம்

இந்தக் குறையை உடல் உடனே உணர்ந்துகொள்கிறது. கழுத்தின் பெருநாடிகளை ஒட்டியிருக்கும் சிறு உணரிகள் குருதியில் ஒட்சிசன் தாழ்வதைக் கண்டு மூளைக்குச் செய்தி அனுப்ப, மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் ஆகிறது. இங்கேதான் ஒரு முடிச்சு விழுகிறது. வேகமாக மூச்சுவிட்டால் காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறும். குருதி காரத்தன்மை அடையும். உடனே மூளை "மூச்சைக் குறை" என்று கட்டளையிடும். ஒட்சிசன் போதவில்லை என்று ஓர் உணரி விரைவுபடுத்த, காரம் கூடிவிட்டது என்று இன்னொன்று தடைபோடும். புதிதாக உயரத்துக்கு வந்தவர்கள் தூக்கத்தில் சிறிது நேரம் வேகமாக மூச்சுவிடுவதும், சில நொடிகள் மூச்சே நின்றதுபோல் கிடப்பதும், திடுக்கிட்டு விழிப்பதும் இந்த இழுபறியால்தான். கூடாரத்தில் பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்துபோவார். ஆனால் அது உயரத்தில் பலருக்கும் வருவது.

முடிச்சை அவிழ்ப்பது சிறுநீரகம். குருதியில் மிகுந்திருக்கும் இருகாபனேற்றை அது சிறுநீரோடு வெளியேற்றுகிறது. காரத்தன்மை தணியத் தணிய மூளை தடையைத் தளர்த்த, மூச்சு தாராளமாகிறது. இந்த வேலை மணிக்கணக்கில் முடியாது, நாள்கணக்கில் நடக்கும். ஒவ்வொரு புதிய உயரத்திலும் சிறுநீரகம் மறுபடியும் கணக்கைச் சரிசெய்ய வேண்டும்.

செங்குருதிக் கலங்கள் பெருகுவதுதான் உயரத்துக்குப் பழகுதல் என்று பலர் நினைக்கிறார்கள். அதைத் தூண்டும் ஓமோன் சில மணி நேரத்திலேயே கூடுவது உண்மை. ஆனால் புதிய கலங்கள் போதிய அளவு உருவாக வாரங்கள் ஆகும். ஒரு வாரத்தில் கிளிமஞ்சாரோ ஏறி இறங்குபவருக்கு அந்த உதவி வந்து சேராது. அவர் நம்பியிருக்க வேண்டியவை இரண்டு: தன் மூச்சு, தன் சிறுநீரகம். இரண்டுக்கும் நாள் வேண்டும்.

இளமையும் வலிமையும் காவல் இல்லை

1962இல் இந்திய–சீன எல்லைப் போர் மூண்டபோது சமவெளியிலிருந்து இந்தியப் படைவீரர்கள் அவசரமாக இமயத்தின் உயரங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் இளைஞர்கள், பயிற்சியால் இறுகிய உடல்கள். இருந்தும் பெருந்தொகையானோர் உயரநோயில் விழுந்தார்கள். அப்படிப் பாதிக்கப்பட்ட 1,925 வீரர்களைப் பற்றி இந்தர் சிங்கும் சக மருத்துவர்களும் எழுதிய ஆய்வு 1969இல் வெளியானது. உயரநோய் பற்றிய அறிவில் அது ஒரு மைல்கல்.

வீரமும் தசைவலுவும் உயரநோய்க்குத் தடுப்பாகாது என்பதை அந்த வீரர்கள் தம் உடலால் காட்டினார்கள். சொல்லப்போனால், திடமானவருக்கே ஆபத்து கூடுதல். கால் வலிக்காததால் அவர் வேகமாக ஏறிவிடுவார். கிளிமஞ்சாரோவில் நடந்த ஆய்வுகளிலும் ஏறியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிலிருந்து முக்கால்வாசிப்பேர் வரை உயரநோய்க்கு ஆளாகியிருக்கிறார்கள்.

தலைவலி, குமட்டல், களைப்பு, தலைச்சுற்று: சாதாரண உயரநோயின் அறிகுறிகள் இவை. இந்த நிலையில் மேலே ஏறாமல் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தானே குணமாகும். அலட்சியம் செய்து ஏறினால் இரண்டு பேராபத்துகள் வரலாம். ஒன்று மூளை வீக்கம். நேர்கோட்டில் நடக்க முடியாத தள்ளாட்டமும் பேச்சுக் குழப்பமும் அதன் அடையாளம். மற்றது நுரையீரலில் நீர் கோத்தல். ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத் திணறலும் விடாத இருமலும் அதன் அடையாளம். இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றே: இரவானாலும் மழையானாலும் உடனே கீழே இறக்குவது.

பாதையைத் தெரிவது நாளைத் தெரிவது

3,000 மீற்றருக்கு மேல் தூங்குமிடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்குங்கள் என்பது மலை மருத்துவத்தின் பொதுவிதி. கவனியுங்கள்: பகலில் எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்பதைவிட இரவில் எங்கே தலைசாய்த்தீர்கள் என்பதே முக்கியம். உயர ஏறி, தாழ வந்து தூங்குவதே நல்ல திட்டம்.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு கிளிமஞ்சாரோவின் பாதைகளைப் பாருங்கள். மரங்கு பாதையில் கூடாரம் தேவையில்லை, மரக்குடில்கள் உண்டு; பாதையும் சாய்வானது. முதல் இரவு சுமார் 2,700 மீற்றர், அடுத்தது 3,700, அடுத்தது 4,700, அன்று நள்ளிரவே உச்சிக்கு. ஐந்து நாளில் எல்லாம் முடிந்துவிடும். இரவுக்கு இரவு ஆயிரம் மீற்றர் ஏற்றம். விதி சொல்வதன் இரு மடங்கு. கால்களுக்கு எளிய பாதை உடலுக்குக் கொடிய பாதையாகிறது. 3,700 மீற்றரிலுள்ள ஹொரொம்போ குடிலில் ஓர் இரவு கூடுதலாகத் தங்கினால் நிலைமை சற்றுத் திருந்தும்.

ஏழு நாள் மச்சாமே பாதை கரடுமுரடானது. ஆனால் அதன் அமைப்பில் அறிவு இருக்கிறது. மூன்றாம் நாள் சுமார் 4,600 மீற்றரிலுள்ள லாவாக் கோபுரம் வரை ஏறி, மாலையில் 4,000 மீற்றருக்குக் கீழேயுள்ள பரங்கோ முகாமுக்கு இறங்கித் தூங்குகிறார்கள். எட்டு நாள் லெமோஷோ பாதை மேற்கிலிருந்து இன்னும் மெதுவாக ஏறுகிறது. வழிகாட்டிகள் நடைக்கு நடை "போலே போலே" என்பார்கள். சுவாஹிலி மொழியில் "மெல்ல, மெல்ல" என்று பொருள்.

ஒவ்வொரு நாளும் கூடும்போது தேசியப் பூங்காக் கட்டணமும் ஆட்கூலியும் கூடும். அங்கேதான் நம்மவர்கள் சிக்கனம் பார்க்கிறார்கள். விலையுயர்ந்த மேலங்கியை வாங்கிவிட்டு இரண்டு நாளைக் குறைத்துக்கொள்கிறார்கள். மேலங்கியை வாடகைக்கு எடுக்கலாம். பழகும் நாளை எந்தக் கடையிலும் எடுக்க முடியாது.

அசெட்டசோலமைட் என்ற மாத்திரை சிறுநீரகம் இருகாபனேற்றை விரைந்து வெளியேற்ற உதவுகிறது. அதாவது உடல் தானே செய்யும் வேலையைச் சற்று முன்கூட்டியே தொடக்கி வைக்கிறது. சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் கட்டாயம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மாத்திரை நாளுக்குத் துணையாகும், நாளின் இடத்தைப் பிடிக்காது.

கண்டியில் செய்யக்கூடியவை

மாணவரின் கேள்விக்குத் திரும்புவோம். ஹந்தானை என்ன தரும்? நிறையவே தரும். பாரம் சுமந்து ஏறும் தொடைவலு, நாள் முழுதும் நடக்கும் இதயம், ஈரப்பாறையில் கால்வைக்கும் நிதானம். வாரத்தில் இரு நாள் ஹந்தானை, மாதத்தில் ஒருமுறை நக்கிள்ஸில் இரண்டு நாள் தொடர்நடை, முதுகில் ஆறேழு கிலோகிராம் பை, பயணச் சப்பாத்தையே அணிந்து பழகுதல். ஆறு மாதம் இப்படிச் செய்தவரின் கால் கிளிமஞ்சாரோவில் ஏமாற்றாது.

ஆனால் சிறந்த ஒத்திகை சிவனொளிபாதமலைதான். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரையிலான பருவத்தில் நல்லதண்ணியிலிருந்து நள்ளிரவுக்குப் பின் ஏறத் தொடங்கி, சுமார் ஆயிரம் மீற்றர் உயர்ந்து, விடியலில் சூரியனைப் பார்க்கிறோம். கிளிமஞ்சாரோவின் கடைசி இரவும் இதே உருவம் கொண்டது: நள்ளிரவில் புறப்பாடு, 1,200 மீற்றர் ஏற்றம், விளிம்பில் உதயம். தூக்கம் விட்டு, இருளில், முன்னே போகிறவரின் காலைப் பார்த்து அடிவைக்கும் பொறுமையை நம் பாட்டிமார்கூட அந்தப் படிகளில் கற்றிருக்கிறார்கள்.

இறக்கத்தையும் அங்கேயே பழகுங்கள். உச்சியைத் தொட்ட அதே நாளில் கிளிமஞ்சாரோவில் ஏறத்தாழ 2,800 மீற்றர் இறங்கி 3,100 மீற்றரிலுள்ள முகாமுக்கு வர வேண்டும். சிவனொளிபாதமலைப் படிகளில் இறங்கிய மறுநாள் தொடை எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியும். நீளும் தசை பாரத்தைத் தாங்கும்போது அதன் இழைகள் நுண்மையாகச் சிதைவதே அந்த வலி. திரும்பத் திரும்ப இறங்கிப் பழகிய தசைக்கு அந்தச் சிதைவு குறையும்.

குளிர், கொதிநீர், நுளம்பு

ஒரு கிலோமீற்றர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். கண்டியிலிருந்து நுவரெலியா போகும்போது இதை உணர்ந்திருப்பீர்கள்: 1,370 மீற்றர் ஏற்றம், ஏறத்தாழ 9 பாகை குளிர்ச்சி. அதே கணக்கை நீட்டினால் கிளிமஞ்சாரோ உச்சி கண்டியைவிட 35 பாகை குளிர்ந்திருக்கும். கண்டியின் சராசரி 24, 25 என்றால் அங்கே பூச்சியத்துக்குக் கீழே 10. காற்றும் சேர்ந்தால் உடல் உணரும் குளிர் இன்னும் கொடியது.

ஜெர்மானிய மதபோதகர் யொகான்னஸ் ரெப்மான் 1848இல் இந்த மலையின் பனியைக் கண்டு எழுதியபோது, பூமத்திய ரேகைக்கு அருகில் பனியா என்று இலண்டன் புவியியலாளர் சிலர் நம்ப மறுத்தார்கள். நுவரெலியா வீதியில் ஒருமுறை பயணித்தவர் மறுத்திருக்க மாட்டார்.

அமுக்கம் குறைந்தால் நீரும் தாழ்ந்த வெப்பத்திலேயே கொதிக்கும். கண்டியில் 98 பாகையில் கொதிப்பது, 4,600 மீற்றர் முகாமில் 85 பாகையிலேயே கொதித்துவிடும். சோறு வேக நேரமெடுக்கும். தேயிலைச் சாயமும் நம் ஊர்போல் இறங்காது. உயரத்தில் பசியும் மந்தமாகும். ஆனாலும் உண்ண வேண்டும், வேகமாக விடும் மூச்சோடு போகும் நீரை ஈடுசெய்யக் குடிக்க வேண்டும்.

பயணத்துக்கு உகந்த காலம் ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரையும், ஜூன் முதல் ஒக்ரோபர் வரையும். இடையில் இரு மழைக்காலங்கள் உண்டு.

இலங்கையருக்கென்று ஒரு கடமையும் இருக்கிறது. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. தலைமுறைகள் பாடுபட்டுப் பெற்ற வெற்றி அது. தன்சானியாவின் தாழ்நிலங்களில் மலேரியா இன்னும் உண்டு. நோயோடு ஒருவர் திரும்பிவந்தால், இங்குள்ள நுளம்புகள் அதைப் பரப்பக் காத்திருக்கின்றன. மலேரியா தடை இயக்கம் இத்தகைய பயணிகளுக்குத் தடுப்பு மாத்திரைகளை இலவசமாகவே கொடுக்கிறது. போகுமுன் தொடங்கி, வந்த பின்னும் சொன்ன நாள்வரை விழுங்குங்கள். எத்தியோப்பியா அல்லது கென்யா வழியாகப் போவதானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் பற்றி முன்பே விசாரியுங்கள். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும்.

சுமப்பவர்கள்

கிளிமஞ்சாரோவில் தனியே ஏற அனுமதியில்லை, வழிகாட்டி கட்டாயம். கூடாரம், அடுப்பு, அரிசி எல்லாம் சுமையாளர்களின் தலையிலும் முதுகிலும் ஏறும். ஒருவர் சுமக்கக்கூடிய எல்லை 20 கிலோகிராம் என்று விதி உண்டு. நல்லதண்ணியிலிருந்து மேலுள்ள தேநீர்க்கடைகளுக்கு அரிசி மூட்டையும் சீனி மூட்டையும் தோளில் ஏற்றிச் செல்வோரைக் கண்டிருக்கிறோம். ஹந்தானைத் தோட்டச் சரிவுகளில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கும் பெண்களைத் தினமும் காண்கிறோம். சுமையின் விலை என்னவென்று மலையகத்தாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே பயண நிறுவனத்தைத் தெரிவுசெய்யும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். சுமையாளரின் நாட்கூலி எவ்வளவு? அவர்களுக்கு நாளுக்கு எத்தனை வேளை உணவு? குளிருக்கு உடுப்பும் தூங்கக் கூடாரமும் உண்டா? நேரான பதில் தராதவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். உயரநோய் சுமையாளரையும் தாக்கும்.

திரும்பத் தெரிந்தவர்கள்

கிளிமஞ்சாரோவின் உச்சியை முதலில் எட்டியவர்களாகப் பதிவாகியிருப்பவர்கள் ஹான்ஸ் மேயரும் லுட்விக் புர்ட்ஷெல்லரும். நாள் 1889 ஒக்ரோபர் 6. மேயருக்கு அது மூன்றாவது பயணம். 1887இல் பனிக்கட்டியின் விளிம்பு வரை போய்த் திரும்பினார். 1888இல் கலவரத்தில் சிறைபிடிக்கப்பட்டு மலையையே அடையவில்லை. 1889இல் மலையின் இடைச்சரிவில் முகாம் அமைத்து, கீழிருந்து உணவு தொடர்ந்து வந்துசேர ஏற்பாடு செய்துகொண்டார். ஒக்ரோபர் 3ஆம் தேதி எரிமலை விளிம்பைத் தொட்டும் உடல் தளர்ந்ததால் இறங்கினார்கள். மூன்று நாள் கழித்து மறுபடி ஏறி வென்றார்கள். காத்திருக்க நாளும் உணவும் இருந்ததால் கிடைத்த வெற்றி அது.

நம் நாட்டிலும் இதற்கு நிகரான ஒரு கதை உண்டு. 2016 மே 21இல் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் இலங்கையர் ஆனார். அவரோடு புறப்பட்ட யொஹான் பீரிஸ் 8,400 மீற்றரில், உச்சிக்கு 450 மீற்றர்கூட மிச்சமில்லாத இடத்தில், திரும்பினார். உயிரோடு இறங்கியவருக்கு இன்னொரு முறை உண்டு: 2018 மே 22இல் அவரும் உச்சியை அடைந்தார்.

எந்த அறிகுறி வந்தால், எந்த நேரம் கடந்தால் திரும்புவோம் என்பதை மலையில் முடிவு செய்யாதீர்கள். ஒட்சிசன் குறைந்த மூளை நல்ல தீர்ப்பு வழங்காது. கண்டியில், வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்திட்டு, கூடவருபவரிடமும் வழிகாட்டியிடமும் கொடுத்துவிடுங்கள்.

அந்த மாணவருக்கு நான் கடைசியாகச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஹந்தானை ஏறுவதை நிறுத்தாதீர்கள். புறப்படுமுன் வைத்தியரிடம் இதயத்தையும் நுரையீரலையும் காட்டுங்கள். 6,000 மீற்றர் வரை செல்லுபடியாகும் காப்புறுதி எடுங்கள். ஐந்து நாள் பயணத்துக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் இந்த வருடம் போகாதீர்கள். எட்டு நாளுக்குச் சேரும்வரை பொறுங்கள். 1912க்கும் 2007க்கும் இடையில் கிளிமஞ்சாரோவின் பனிக்கட்டிப் பரப்பில் 85 வீதம் உருகிப் போய்விட்டது. மிச்சமும் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் போய்விடக்கூடும். அந்த வெண்மையைக் காண விரும்புவோர் சேமிப்பை இன்றே தொடங்க வேண்டும். ஏற்றத்தை மட்டும் மெல்ல மெல்லச் செய்ய வேண்டும்.